சம்மாட்டியும் சொந்தப் பாட்டும்

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் நாலு பொடியள் சேர்ந்து கிற்றாரும் கீபோர்ட்டும் வாங்கிப் பாடத் தொடங்கினால், ஊர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்தப் படத்துப் பாட்டுத் தம்பி பாடுவியள்?" படப் பாட்டு இல்லை, எங்கட சொந்தப் பாட்டு என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "சொந்தப் பாட்டெண்டா? பக்திப் பாட்டோ?"

கேட்பவர்களில் குற்றமில்லை. இண்டி, சுயாதீன இசை, முதல் அல்பம் என்ற சொற்கள் நமது பத்திரிகைகளிலும் வானொலிகளிலும் இப்போது தாராளமாகப் புழங்குகின்றன. நின்று பொருள் சொல்பவர்கள்தான் குறைவு. சிலருக்குச் சுயாதீன இசை என்றால் சினிமாவில் வராத பாட்டு. வேறு சிலருக்கு, ஆங்கிலம் கலந்து, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பாடுவது. இரண்டும் அரைகுறை விளக்கங்கள். சொந்தப் பாட்டோடு மேடைக்கு வர விரும்பும் பிள்ளைகளும், அவர்களுக்குக் காசு கொடுக்கப்போகும் பெரியவர்களும் இதை முன்கூட்டியே விளங்கிக்கொள்வது நல்லது. பின்னால் வரும் மனஸ்தாபங்களில் பாதி இந்த விளங்காமையில்தான் முளைக்கின்றன.

கோஷ்டியிலிருந்து தொடங்குவோம். பாண்ட் என்ற சொல் நம் வாயில் ஏறுவதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் அது கோஷ்டிதான். கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்றால் அறுபது வயதைத் தாண்டியவர்களின் முகம் இன்றும் மலரும். திருவிழா இரவில் மேளக்கச்சேரி முடிந்தபின் கோஷ்டி மேடையேறும்; சனம் பாயோடு வந்து இடம் பிடித்திருக்கும். படத்தில் கேட்டதை அச்சொட்டாக மேடையில் கொண்டுவருவதுதான் அங்கே கெட்டித்தனம். அந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். சென்னையில் பெரிய வாத்தியக்குழு சேர்ந்து வாசித்ததை ஏழெட்டுப் பேர் காதால் கேட்டுப் பிரித்தெடுத்து வாசிப்பது சின்ன வேலையல்ல. ஆனால் பாட்டு வேறொருவருடையது.

அதே காலத்தில்தான் துள்ளிசையும் வந்தது. பொப் பாடல்களுக்கு இலங்கை வானொலி வழியாகப் பரவிய அழகான பெயர் அது. உரும்பிராயின் நித்தி கனகரட்ணம் "சின்ன மாமியே" பாடினார். திருகோணமலையின் எம்.பி. பரமேஷ் "உனக்குத் தெரியுமா" பாடினார். ஏ.ஈ. மனோகரன் பொப் இசைச் சக்கரவர்த்தி என்றே அழைக்கப்பட்டார். சொல் நம்மவருடையது, பேச்சும் கேலியும் கள்ளுக்கடையும் மாமியும் நம்மூர்ச் சரக்கு. தாளத்தில் போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவின் சாயல் இருந்தது, அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இன்று இண்டி என்று எதைச் சொல்கிறோமோ அதை இந்த நாட்டுத் தமிழர் ஐம்பது வருடத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். பெயர்தான் தெரியாமல் இருந்தது.

மனோகரனுக்கும் தீவுக்கும் ஒரு தொடுப்பு உண்டு. செங்கை ஆழியான் நெடுந்தீவைக் களமாக வைத்து எழுதிய "வாடைக்காற்று" 1978இல் படமானபோது அதில் நடித்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் இந்தக் கட்டுரைக்கு முக்கியம் அவருடைய இன்னொரு கதை. அவர் குரலில் ஊரெல்லாம் பரவிய "சுராங்கனி" 1977இல் "அவர் எனக்கே சொந்தம்" என்ற தமிழ்நாட்டுப் படத்தில் இளையராஜாவின் இசையில் இடம்பிடித்தது. பிறகு தமிழ்நாட்டில் பலருக்கு அது படப் பாட்டாகிவிட்டது. நமது கோஷ்டிகள் படத்திலிருந்து பாட்டை எடுத்துவந்தார்கள். படம் நம்மிடமிருந்து ஒரு பாட்டை எடுத்துப்போனது. ஒரு பாட்டு எவ்வளவு தூரம் போனாலும் அது யாருடையது என்று எழுதிவைக்காவிட்டால் கடைசியாகப் பாடியவரின் பெயரில்தான் நிற்கும்.

இனி அல்பம். பழைய எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் கொள்ளும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் பத்துப் பாட்டை ஒன்றாகக் கோத்து, எது முதல், எது நடு, எது முடிவு என்று யோசிக்கும் பழக்கம் வேர்விட்டது. அல்பம் என்பது அந்தக் கோப்பு. முதல் அல்பம் என்றால், ஒரு கலைஞரோ கோஷ்டியோ "நாங்கள் இன்னார், இன்ன ஊர், இதுதான் எங்கள் குரல்" என்று முதன்முதல் முழுதாகச் சொல்லிக்கொள்வது. யூரியூப்பில் ஒரு பாட்டுப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, படலையில் நின்று கதைப்பதற்கும் வீட்டுக்குள் கூட்டிப்போய் இருத்திக் கதைப்பதற்கும் உள்ள வேறுபாடு.

கேட்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு பழைய செய்தி. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பற்றறிக்கும் தடை. சனம் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டும் செய்தியும் கேட்டது. ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றுகிறவரின் கை ஓய்ந்தால் பாட்டும் இழுபடும். அப்படிக் கேட்ட சனத்துக்குப் பாட்டின் அருமையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

தீவுகளில் அல்பம் வெளிவருவதும் புதிதல்ல. நமது ஊர்க் கோயில்களில் பலவற்றுக்கு ஒரு பாமாலை இறுவட்டாவது இருக்கும். பாட்டை ஊர்ப் புலவர் எழுதியிருப்பார். செலவை லண்டனிலோ ரொறன்ரோவிலோ சுவிஸிலோ இருக்கும் ஊரவர் ஏற்றிருப்பார். பாடியவர் அநேகமாகத் தமிழ்நாட்டுச் சினிமாப் பின்னணிப் பாடகராக இருப்பார். அட்டையில் அம்மன் படத்துக்கு அடுத்தபடி பெரிதாக இருப்பது அன்பளிப்புச் செய்தவரின் படம். எழுதிய புலவரின் பெயரைத் தேடக் கண்ணாடி வேண்டும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அந்த ஊரவரின் பக்தியும் பாசமும் உண்மையானவை. ஆனால் இந்த இறுவட்டுகள் சினிமாப் பாட்டல்ல, பெரிய நிறுவனமும் வெளியிடவில்லை. அப்படியானால் இவை சுயாதீன இசைதானே? இங்கேதான் சொல்லின் பொருள் நமக்கு உதவிக்கு வரவேண்டும்.

சுயாதீனம் என்பது பாட்டின் பாணியைக் குறிப்பதில்லை. மூன்று விடயங்களை யார் கையில் வைத்திருக்கிறார் என்பதைக் குறிக்கிறது: செலவு, முடிவு, உரிமை. தீவாருக்கு இதைச் சொல்லச் சம்மாட்டியைத் தவிர வேறு உவமை தேவையில்லை.

சம்மாட்டிக்கு வள்ளமும் வலையும் சொந்தம். தொழிலாளிக்குத் தொழில் தெரியும், முதல் இல்லை. சம்மாட்டி முற்பணம் கொடுக்கிறார். பிடிபாடு வரும்போது வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரியும்; ஆளின் பங்கிலிருந்து முற்பணம் கழியும். கடன் தீரும்வரை வேறு வள்ளத்தில் ஏற முடியாது. இசைத்தட்டு நிறுவனம் செய்வதும் அச்சொட்டாக இதுதான். பாடகருக்கு முற்பணம் கொடுக்கிறது, ஒலிப்பதிவுக்கும் விளம்பரத்துக்கும் செலவழிக்கிறது, விற்பனையில் பாடகருக்கு வரவேண்டிய பங்கிலிருந்து அதைக் கழிக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் மூல ஒலிப்பதிவு நிறுவனத்துக்குச் சொந்தம். கடன் தீர்ந்தபிறகும் அது நிறுவனத்துக்கே சொந்தம். இந்த இடத்தில் நமது சம்மாட்டியே பரவாயில்லை. தொழிலாளி பிடித்த மீனைச் சம்மாட்டி வாழ்நாள் முழுக்க வைத்திருப்பதில்லை.

சொந்த வள்ளத்தில் போகிறவன் சுயாதீனன். அவன் சூடை பிடிக்கிறானா சுறா பிடிக்கிறானா என்பது வேறு கதை. இந்த அளவுகோலால் பார்த்தால், சினிமா மெட்டில் சொல்லை மாற்றிப் பாடும் பாட்டு எவ்வளவு புதிதாக ஒலித்தாலும் சுயாதீனமானதல்ல. சொந்தச் செலவில் வீட்டு அறையில் பதிவுசெய்த ஒரு காவடிச் சிந்து சுயாதீனமானதுதான்.

உலகறிந்த ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். அதைப் பற்றியும் நம்மிடையே தவறான கதைகள் உலவுகின்றன. எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம், மாயா, 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். பத்து வயது வரை இங்கேயும் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் தாயோடும் சகோதரர்களோடும் அகதியாக லண்டன் திரும்பினார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாயா படித்தது ஓவியமும் திரைப்படமும், இசை அல்ல. எலாஸ்ரிக்கா என்ற பிரித்தானிய இண்டி கோஷ்டியின் அல்பத்துக்கு அட்டைப்படம் செய்துகொடுத்து, அவர்களின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில், பீச்சஸ் என்ற பாடகி றோலண்ட் எம்.சி.-505 என்ற பெட்டியை அவருக்குக் காட்டினார். தாளமும் சுருதியும் போட்டு அடுக்கடுக்காகப் பாட்டுக் கட்டக்கூடிய, மேசையில் வைக்கும் கருவி அது. இரவல் வாங்கிய அந்தப் பெட்டியில்தான் முதல் பாட்டுகள் பிறந்தன. "கலாங்" என்ற பாட்டு 2003இல் சிறிய நிறுவனமொன்றின் மூலம் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. அதைக் கேட்டுத்தான் எக்ஸ்.எல். என்ற லண்டன் சுயாதீன நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

முதல் அல்பம் "அருளர்" 2005இல் வந்தது. பெயர் தந்தையுடையது. அருளர் என்று அறியப்பட்ட அருள்பிரகாசம் விடுதலைப் புலிகளில் இருந்தவர் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின, நம்மவர்கள் சிலரும் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். அது பிழை. அவர் 1975இல் லண்டனில் உருவான ஈரோஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். தமிழ் வாசகர்கள் அவரை "லங்கா ராணி" எழுதியவராக அறிவார்கள். 1977 வன்செயலில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்த கப்பலைப் பற்றிய நாவல் அது. மகள் வளர்ந்த காலத்தில் தந்தை வீட்டில் இல்லை. அல்பத்துக்குத் தன் பெயரை வைக்கப்போகிறார் என்று அறிந்து, மாற்றச் சொல்லித் தந்தை எழுதியதாக மாயாவே சொல்லியிருக்கிறார். மாற்றவில்லை. இரண்டு வருடம் கழித்து வந்த அடுத்த அல்பத்துக்குத் தாயின் பெயர்: "கலா". 2019 டிசம்பரில் அருளர் காலமானார்.

"அருளர்" கேட்க இலகுவான அல்பம் அல்ல. சில பாட்டுகள் இரைச்சலாகத்தான் படுகின்றன. அரசியலை வாயில் போட்டு மென்றுவிட்டு விழுங்காமல் விட்ட இடங்களும் உண்டு. ஆனாலும் அந்த ஆண்டு பிரித்தானியாவின் மெர்க்குரி விருதுக்கான இறுதிப் பட்டியலில் அது இருந்தது. அகதிப் பிள்ளையின் ஆங்கிலத்தை, பிறேசிலின் தெருத்தாளத்தை, லண்டன் குடியிருப்பின் சந்தத்தை ஒரே பானையில் போட்டு, யாரையும் போலப் பாடாமல் பாடினார். ஒரு முதல் அல்பத்திடம் நாம் கேட்கவேண்டியது அதைத்தான்.

உரிமை பற்றிய பாடமும் அதில் இருக்கிறது. அல்பம் 2004இலேயே வரவேண்டியது. வெளியீடு பின்னால் போனதற்கு ஒரு காரணம், பாட்டுகளில் கலந்திருந்த பழைய ஒலிப்பதிவுத் துண்டுகளுக்கு அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. "சன்ஷவர்ஸ்" என்ற பாட்டின் பல்லவி 1976இல் வெளிவந்த ஓர் அமெரிக்கப் பாட்டிலிருந்து எடுத்தது. அப்படி எடுத்தால் அந்தப் பாட்டை எழுதியவருக்கும் பங்கு போகும். அமெரிக்காவில் அல்பத்தை விநியோகிக்க இன்ரர்ஸ்கோப் என்ற பெரும் நிறுவனம் சேர்ந்துகொண்டது. ஆகவே "அருளர்" பிறந்தது சொந்தத் தெப்பத்தில், ஆழ்கடலுக்குப் போனது சம்மாட்டியின் வள்ளத்தில். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எந்த இடத்தில் எந்த வள்ளத்துக்கு மாறுகிறோம் என்று தெரிந்து மாறினால் சரி.

மாயா தனி ஆள், கோஷ்டி அல்ல என்று யாரும் சொல்லலாம். சரிதான். கோஷ்டியில் சிக்கல் இன்னும் கூடும். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடையேறிய "த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" பத்தொன்பது பேரைக் கொண்டு தொடங்கியது. கானாவும் பறையும் ராப்பும் றொக்கும் ஒரே மேடையில். பத்தொன்பது பேர் சேர்ந்து கட்டிய பாட்டில் மெட்டு யாருடையது, சொல் யாருடையது? நண்பர்களாக இருக்கும்போது இந்தக் கேள்வி கேட்க வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம்தான் பிறகு நட்பைக் கெடுக்கிறது.

"என்ஜாயி எஞ்சாமி"யை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பாட்டில் அறிவும் தீயும் பாடினார்கள், இசை சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய தன் பாட்டியின் நினைவை அறிவு அதில் கொண்டுவந்தார். சுயாதீனக் கலைஞர்களுக்கென்றே தொடங்கப்பட்ட தளம் அதை வெளியிட்டது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். பாட்டின் பெருமை யாருக்கு என்று முதலில் கலைஞர்களுக்குள்ளேயே கசப்பு எழுந்தது. மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இங்கே இடமில்லை. சுயாதீனம் என்று பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் பாட்டு சுயாதீனமாகிவிடாது என்பதைக் காட்ட அது போதும்.

நமது நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் உரிமை படைத்த கணத்திலேயே பிறந்துவிடுகிறது; எங்கும் பதியத் தேவையில்லை. அவர் வாழும் காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். ஒலிப்பதிவின் உரிமை வேறு. அது பதிவைத் தயாரித்தவருக்குரியது, 50 வருடம். பாட்டு வேறு, பதிவு வேறு என்ற இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் மனதில் இருத்திக்கொண்டால் போதும். வெளிநாட்டில் இருக்கும் மாமா செலவழித்துப் பதிவுசெய்தால் பதிவில் மாமாவுக்கு உரிமை வரலாம். பாட்டில் வராது, நீங்களாக எழுதிக் கொடுத்தால் ஒழிய.

இனி, தீவிலிருந்து வரும் பாட்டு எப்படி ஒலிக்கவேண்டும் என்று கேட்டால், அதைச் சொல்ல நாம் யார். ஆனால் சரக்கு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டில் பல்லவியும் இருக்கிறது, தாளமும் இருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் முறையைத்தான் பொப் இசையும் நம்பியிருக்கிறது. ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கத்தோலிக்கர்களின் நாட்டுக்கூத்து மெட்டுகள் இருக்கின்றன. குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவு இருக்கிறது. 1990களில் ஆளில்லாமல் போன ஊரைப் பற்றிப் புங்குடுதீவின் சு. வில்வரத்தினம் "காற்றுவெளிக் கிராமம்" எழுதினார். தன் கவிதைகளைத் தானே வாய்விட்டுப் பாடிக் காட்டியவர் அவர். கோஷ்டியும் இருக்கவில்லை, ஒலிவாங்கிகூட அவருக்குக் கட்டாயமாக இருக்கவில்லை. கேட்டவர்கள் இன்னமும் அந்தக் குரலைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

ஆகவே சில வேண்டுகோள்கள். பாடப்போகும் பிள்ளைகளுக்கு: அல்பத்துக்கு ஒலிப்பதிவுக் கூடம் தேடுமுன் ஒரு கொப்பித் தாளை எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் சொல் யார், மெட்டு யார், வாசித்தது யார், காசு போட்டது யார், பங்கு எப்படி என்று எழுதி, எல்லோரும் கையெழுத்தும் திகதியும் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வெளிநாடு போனால் கோஷ்டியின் பெயர் யாரிடம் நிற்கும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நம் ஊர்களில் ஒருவராவது போவார்.

புலம்பெயர்ந்த ஊர் ஒன்றியங்களுக்கு: காசு கொடுங்கள், அட்டையில் நன்றியும் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். பாடச் சென்னையிலிருந்து ஆள் கூப்பிடவும் வேண்டாம்.

சனசமூக நிலையங்களுக்கும் கோயில், தேவாலய விழாச் சபைகளுக்கும்: வருகிற ஆண்டுவிழாவில், திருவிழாவில், பெருநாளில் கோஷ்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் சொந்தப் பாட்டுக்கு என்று நோட்டீசிலேயே அச்சிடுங்கள். அறிவிப்பாளர் பாட்டைத் தொடங்குமுன் எழுதியவரின் பெயரையும் ஊரையும் வாசிக்கட்டும்.